அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டில் ஜாக்கெட் என்றால் ஒரே அர்த்தம்தான். அம்மா முப்பது வருடமாகச் சேலத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். அதனால் "நான் ஒரு ஜாக்கெட் வாங்கணும்" என்று நான் சொன்னபோது, அளவு கொடுக்க வந்திருந்த பக்கத்துத் தெரு அக்கா சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது. பைக் ஓட்டப் போடும் லெதர் ஜாக்கெட் என்று விளக்கிச் சொன்ன பிறகும் அவர் சிரிப்பதை நிறுத்தவில்லை.

அது எனக்கு இரண்டாவது ஜாக்கெட். முதலாவதை ஆன்லைனில் பார்த்து வாங்கினேன், அதுவும் ஒரு சைஸ் பெரிதாக. ஏன் பெரிதாக என்று கேட்டால் பதில் இல்லை. பள்ளிச் சீருடை எடுத்த காலத்திலிருந்தே "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் கூடவே கொடுங்க" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், வளர்ச்சி நின்று பதினைந்து வருடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம் வேறு. அதைப் போட்டுக்கொண்டு டிசம்பரில் ஒரு விடிகாலை ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு, நல்ல பனி. ஹேண்டிலைப் பிடித்ததும் தோள் இரண்டும் மேலே ஏறிக் காலர் வந்து ஹெல்மெட்டில் இடித்தது. பின்னால் சட்டை தெரிந்து இடுப்பெல்லாம் குளிர். அடிவாரம் போகும் நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தபோது காற்று உள்ளே புகுந்து முதுகில் பலூன் மாதிரி நின்றது. எல்லாவற்றையும்விட மோசம் முழங்கை பேட். இறங்கிப் பார்த்தால் அது முழங்கையில் இல்லை, சுற்றிக்கொண்டு உள்பக்கம் போயிருந்தது. விழுந்திருந்தால் என் முழங்கை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், பேட் இன்னொரு பக்கம் புதுசாகவே இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். "கையைத் தூக்கு." தூக்கினேன். ஜாக்கெட் மொத்தமும் தொப்புள் வரை ஏறியது.

"கைக்குழி இவ்ளோ இறங்கிக் கிடக்கு, அப்புறம் ஏறாம என்ன செய்யும்?"

தொளதொளவென்று இருந்தால்தானே கை நன்றாக அசையும் என்று நான் வாதாடினேன். அம்மா சொன்னது அப்படியே நேர்மாறு: கைக்குழி அக்குளை ஒட்டி இருந்தால்தான் கை தனியாக அசையும், இறங்கிப் போனால் கை தூக்கும்போது உடம்புத் துணியும் கூடவே வரும். பிறகு நான் பழைய பைக் ஜாக்கெட் படங்களாகத் தேடிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கைக்குழி சின்னது, உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் ரவிக்கைக்கும் நியூயார்க் ஜாக்கெட்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

நியூயார்க் என்று சொல்லக் காரணம் உண்டு. நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அந்தக் கோண ஜிப், அகலக் காலர், இடுப்பு பெல்ட் ஜாக்கெட்டை 1928இல் அங்கே ஷாட் கம்பெனியின் இர்விங் ஷாட் கொண்டுவந்தார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே வைத்தார், பெர்ஃபெக்டோ. ஹார்லி டேவிட்சன் விற்கும் ஒரு கடையில் 5.50 டாலருக்கு விற்றது. ஜிப் கோணலாக இருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. குனிந்து ஓட்டும்போது நேர் ஜிப் வயிற்றில் மடங்கிக் குத்தும், கோணலாகப் போனால் குத்தாது, ஒன்றன்மேல் ஒன்றாக மடிவதால் காற்றும் சுலபத்தில் நுழையாது. காலரில் இருக்கும் பட்டன்களும் அது காற்றில் முகத்தில் அடிக்காமல் இருக்கத்தான். முன்பக்கம் குட்டையாக இருப்பதும் உட்கார்ந்து ஓட்டுபவனுக்காக. நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்து "என்ன இது, இடுப்போடு நின்றுவிட்டது" என்று நீளமானதை எடுத்தால் பைக்கில் உட்கார்ந்ததும் வயிற்றில் மூட்டையாகக் குவியும்.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். இந்த முறை அம்மாவே டேப் எடுத்து அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலேயே பெரியமேடு. தோல் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம். தமிழ்நாட்டில் தோலுக்குப் பஞ்சமா, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகப் பதனிடுகிறார்கள், குரோம்பேட்டைக்குப் பெயரே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். ஆனாலும் நம்மில் பாதிப்பேர் போட்டிருப்பது ரெக்சின். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று மழைக்காலம் போனால் காலர் மடிப்பில் இருந்து செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும், அது தோலே இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

நான் போன கடை பாய் முதலில் கேட்ட கேள்வி: "அளவு ஜாக்கெட் ஏதாவது கொண்டு வந்தீங்களா தம்பி?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்து, "யார் எழுதினது? கைக்குழி தனியா போட்டிருக்காங்க, தையல்காரங்களா?" என்றார்.

அப்புறம் தோல். செம்மறி ஆட்டுத் தோல் வெண்ணெய் மாதிரி இருந்தது, கையை எடுக்கவே மனசு வரவில்லை, ஆனால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம், ரோட்டில் விழுந்து தேய்ந்தால் சட்டென்று கிழியும். மாட்டுத்தோல் கெட்டி, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனம், விழுந்தால் காப்பாற்றும், ஆனால் நல்ல எடை. நான் எடுத்தது வெள்ளாடு. மாட்டைவிட லேசு, செம்மறியைவிட எவ்வளவோ உறுதி. தோளிலும் முழங்கையிலும் பேட் வைக்க உள்பை கேட்டேன். பேட் தனியாக வாங்கிக்கொண்டேன், ஈ.என். 1621 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் லெவல் 2 என்பதும் பொறித்தது. இதில் லெவல் 1ஐவிட 2 அடியைக் கூடுதலாகத் தாங்கும். அந்த எண் இல்லாமல் ஜாக்கெட்டோடு சும்மா வரும் ஸ்பாஞ்சுத் துண்டை நம்பாதீர்கள்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் போட்டுப் பார்த்தபோது பயந்துவிட்டேன். இறுக்கம். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பு முடியும் இடத்தில், ஜிப் போட மூச்சைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது, உள்ளே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கலாம், அவ்வளவுதான். கை நீளமோ கட்டைவிரல் அடி வரை வந்து இடித்தது. "கை பெருசு, உடம்பு சின்னது" என்றேன். பாய் ஒன்றும் பேசாமல் வெளியே கூட்டிப்போய், நிறுத்தியிருந்த தன் ஸ்ப்ளெண்டரில் உட்கார வைத்து ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னார். கை நீளம் மணிக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றது. காலர் ஏறவில்லை, முதுகு மூடியே இருந்தது. முழங்கையில் மடிப்பு விழ விழ கை இன்னும் கொஞ்சம் குறுகும், மார்பில் உடம்புச் சூட்டுக்குத் தோல் கொஞ்சம் கொடுக்கும் என்றார். இரண்டும் நடந்தது, ஆனால் மாதக்கணக்கில்.

வாங்கும்போதே சரியாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணத்தை அம்மா கண்டுபிடித்தார். ரவிக்கையில் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டு வைப்பார், உடம்பு போட்டால் ஒன்றைப் பிரித்துவிடலாம். தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான், மூடாது. புது ஜாக்கெட்டின் உள்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நீதான் உடம்பைப் பார்த்துக்கணும்" என்றார்.

வெயிலைப் பற்றிக் கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன், சேலத்தில் ஏப்ரல் மதியம் சிக்னலில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பவன் ஞானியாகவோ மடையனாகவோதான் இருக்க வேண்டும். விடியலில் கிளம்பி மலை ஏறுவதற்குத்தான் எனக்கு இது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், முதல் வருடம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்து நானே வரவழைத்தேன். இப்போது அகலமான ஹேங்கரில் பழைய பருத்தித் துணியைப் போர்த்தித் தொங்குகிறது. நனைந்தால் ஃபேன் காற்றில் உலர்த்துகிறேன், வெயிலில் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவப் போனேன், அம்மா பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்.

நண்பன் ஒருவன் அடுத்த வாரம் கொல்லிமலை போகிறானாம், இரண்டு நாளுக்கு இதைக் கேட்கிறான். அவன் தோள் என் தோளைவிட இரண்டு அங்குலம் அகலம். அளவுக்கு வேண்டுமானால் எடுத்துப் போ, போட்டுக்கொண்டு போகத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.