பூடூர் எங்கே இருக்கிறது?

கிராம நிர்வாக அலுவலராக முப்பது வருடம் இருந்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு வரும் வேலைகள் தெரிந்தவைதான். பட்டா மாறுதலுக்கு மனு எழுதுவது, வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது, பங்காளிச் சண்டையில் நடுவில் மாட்டிக்கொள்வது. எனக்கு இவற்றோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்களுடைய பூட்டன், ஓட்டன் புறப்பட்ட ஊரைக் கண்டுபிடித்துத் தருவது. சென்னையில் பயண ஏற்பாடு செய்யும் நண்பர் ஒருவர்தான் ஆரம்பித்து வைத்தார். "உனக்கு வட ஆற்காடு அத்துப்படி. கூட ரெண்டு நாள் போய்ட்டு வா, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்று அவர் சொன்ன எதுவும் அவ்வளவில் முடிந்ததில்லை.

முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தக் கப்பல் பட்டியல்தான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. 1911-இல் கடைசிக் கப்பல் போகும்வரை நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னையில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். 'இடது முழங்காலில் தழும்பு' என்று ஒரு வரி வாசிக்கும்போது ஆள் எதிரில் வந்து நிற்பது போல இருக்கும். அந்த எண் சாகும்வரை கூடவே வரும். கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, ஊர் விட்டு ஊர் போகும் சீட்டு, எல்லாவற்றிலும் அதுதான். ஆகவே வீட்டுப் பெட்டியில் ஏதாவது ஒரு பழைய காகிதம் தப்பியிருந்தால் போதும், எண்ணைப் பிடித்துப் பட்டியலுக்குப் போய்விடலாம்.

பட்டியலிலிருந்து ஊருக்கு வருவதுதான் சிரமம். சென்னையில் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதை டர்பனில் நாலு தலைமுறை தங்கள் வாய்க்கு வந்தபடி படித்தது. 'பூடூர்' என்று வருவார்கள். புதூர் அது. வட ஆற்காட்டில் புதூர் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். அப்புறம் ஜில்லா. அன்றைய வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது; இன்றைக்கு அது ஆந்திரம். எங்கள் பக்கம் 1989-இல் வேலூர், திருவண்ணாமலை என்று பிரிந்தது, 2019-இல் வேலூரே மூன்றாகப் பிரிந்தது. வாலாஜா தாலுகா என்று காகிதத்தில் இருந்தால் இன்றைக்கு ராணிப்பேட்டையிலும் தேட வேண்டும், சுற்றி உள்ள தாலுகாக்களிலும் தேட வேண்டும்.

நான் தொழில் புத்தியில் நிலப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினேன். அ பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர், 1980-இல் கர்ணம் முறை ஒழிந்தபோது யார் யார் வீட்டுப் பரணிலோ தங்கிப்போன கட்டுகள். ஒரு பேரும் கிடைக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிலம் இருந்தவன் பெயர்தானே நிலப் பதிவேட்டில் இருக்கும்? நிலம் இருந்தவன் எதற்கு மாதம் பத்து ஷில்லிங்குக்குக் கப்பல் ஏறுகிறான்? 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள். தப்பியவர்களில் பலருக்குக் கப்பல் ஏறும்வரை கூலிகளைத் தங்கவைக்கும் டிப்போதான் கஞ்சித்தொட்டி. இங்கே எந்தக் கணக்கிலும் வராதவனை வெள்ளைக்காரன் கூலிக் கணக்குக்காக முழங்கால் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறான். நன்றி சொல்லவா திட்டவா என்று தெரியாது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2014 தை மாதத்தில் டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். ஆனால் ஆயா, தாத்தா, கருவேப்பிலை, கோவிந்தா எல்லாம் சுத்தமாக வரும். என்னை முதல் நாளே 'அண்ணா' என்றார். நான் 'டீச்சர்' என்றேன். அவருடைய தாத்தாவின் அப்பா 1889-இல் போனவர். இருபத்திரண்டு வயது. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து 1894-இல் விடுதலைச் சீட்டு. திரும்பவில்லை. ஒரு வருடம் தாமதித்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் 1895 சட்டம் போட்ட 3 பவுன் தலைவரி அதற்கு அப்புறம் வந்தவர்களுக்குத்தான். உம்கேனி ஆற்றோரம் ஸ்பிரிங்ஃபீல்டில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் காய்கறி போட்டிருக்கிறார். விடியற்காலையில் கூடையில் சுமந்து டர்பன் வீதிகளில் விற்றிருக்கிறார். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு. நகரம் தின்ற கத்திரிக்காயும் மிளகாயும் அவர்கள் போட்டது. 1917 அக்டோபரில் ஆறு பெருகித் தோட்டங்களை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள். கடைசியில் ஆறு செய்யாததை 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் செய்தது. இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் இருக்கலாம் என்று சொல்லிக் குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் அங்கே வந்தபோது பதின்மூன்று வயதோ என்னவோ. "வீட்டுக்குப் பின்னாடி நாலடி மண்ணு. தாத்தா அதிலயும் மிளகாச் செடி வெச்சாரு" என்றார்.

டீச்சரிடம் இருந்தது விடுதலைச் சீட்டில் இருந்த எண் மட்டும். பட்டியல் வரியை நண்பர் வரவழைத்து எனக்கு அனுப்பினார். அதில் எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. குடும்பப் பெயர் நாயுடு. சாதிக் கட்டத்தில் பறையர் என்று இருந்தது. இது புதிதல்ல. அங்கே போய்ப் பெயரோடு ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. கடல் தாண்டியதில் ஒருவனுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுவாகக்கூட இருக்கலாம். நண்பர் சொன்னார்: "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? சந்தோஷமா வந்திருக்காங்க, சந்தோஷமாப் போகட்டும்." டீச்சருக்குக் கொடுக்க ஓர் அறிக்கை தட்டச்சு செய்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

புதூருக்குப் போனோம். எங்கள் பக்கத்து ஊருக்குள் கார் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும்: எந்தத் தெரு? நானும் ஊர்த் தெருவில் வளர்ந்தவன். கால் தானாகவே அங்கே போனது. திண்ணையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "உங்க வீட்ல யாராச்சும் அந்தக் காலத்துல கப்பல் ஏறிப் போனாங்களா?" என்று கேட்டேன். "எங்க தாத்தாகூடப் பொறந்தவரு போனாருன்னு சொல்வாங்க" என்றார். "நேட்டாலுக்கா?" இது என் கேள்வி. "அப்படித்தான் இருக்கும்." டீச்சர் அவர் காலில் விழுந்துவிட்டார். பெரியவரும் அழுதார். வீட்டு ஓட்டைப் பிரித்துப் போடப் பணம் கொடுத்தார் டீச்சர். திண்ணை மண்ணை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அந்தப் பட்டியல் வரி என் தோள்பையில் இருந்தது. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் கழித்துப் பெரியவரின் மகனை வாலாஜாப்பேட்டையில் டீக்கடையில் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார், அந்தச் சின்னத் தாத்தா போனது ரங்கூனுக்கு, அங்கிருந்து மணியார்டர்கூட வந்திருக்கிறது. சாட்சியிடம் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக்கூடாது என்று ஒவ்வொரு நில விசாரணையிலும் நான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கே போனார் என்று கேட்டிருந்தால் ரங்கூன் என்றே சொல்லியிருப்பார். நான் அதையும் டீச்சருக்கு எழுதவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து மட்டும் போய்வந்தது.

2019-இல் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அவருடைய அண்ணன் மகன் கணினியில் தேடிக் கப்பல் பட்டியலின் அந்த வரியை எடுத்திருக்கிறான். நான் கொடுத்த அறிக்கையில் ஒரு கட்டம் இல்லையே, தட்டச்சில் விட்டுப்போயிற்றா என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். ஆமாம், விட்டுப்போயிற்று என்று எழுதிவிட அவரே எனக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான்கு நாள் பதில் போடவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் எழுதினேன், ரங்கூன் உட்பட. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் எழுதினேன். பணத்தைப் பற்றி அவர் பதிலே சொல்லவில்லை. "எங்க தாத்தாவுக்குத் தெரியும்னு நினைக்கிறேன், ஊர்ப் பேச்சு வந்தா எழுந்து போயிடுவாரு" என்று மட்டும் இருந்தது.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து 2023 ஆடியில் மறுபடி வந்தார். முதலில் அந்தத் திண்ணை வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். பெரியவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் கூனிக் குறுகி நின்றார். டீச்சர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, ரங்கூன் போனவர் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

பிறகு காலனிக்கு நடந்தோம். இந்த முறை நான் யாரையும் எதையும் தூண்டிக் கேட்கவில்லை. 1889-இல் யார் போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்று ஒன்று வந்ததே 1892-இல். அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் பெயரைச் சொல்ல என் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. இளைஞர் ஒருவர் பட்டியல் நகலை வாங்கித் தகப்பன் பெயரைச் சத்தமாகப் படித்தார். அந்தப் பெயரில் நாலைந்து வீட்டில் ஆள் இருந்தார்கள்.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் யாரும் சொல்லாமலே வரிசையில் போய் நின்றுவிட்டார். டர்பனிலும் இது உண்டு, 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள், அங்கே மக்காச்சோள மாவு. அண்டாப் பக்கத்தில் இருந்த கிழவி சொம்பில் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "நீ யார் வூட்டுக்கு வந்துகீற?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலன்னா இன்னா? குந்திக் குடி" என்று வெங்காயத்தை எடுத்து நீட்டினார் கிழவி.