சி6எச்0

பென்சீன் வாய்பாட்டை எழுதும்போது கடைசி ஆறைப் பூஜ்யம் மாதிரி கிறுக்கி வைத்திருக்கிறாள் மகள். சி6எச்0.

சிரித்துவிட்டேன்.

அமெரிக்காவின் கென்டக்கியில், டான்வில் என்ற சின்ன ஊரில் இதே 'வாய்பாடு' சுவரில் இருக்கிறது. வேதியியல் இல்லை, ஸ்கோர்!

29 அக்டோபர் 1921. சென்டர் கல்லூரி 6, ஹார்வர்டு 0.

மொத்த மாணவர்களே முந்நூறு தேறாத கல்லூரி. (ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) சென்டர் வீரர் போ மெக்மில்லின் 32 கெஜம் ஓடி அந்த 6 புள்ளியை எடுத்தார். அவ்வளவுதான்.

அந்த சீசனில் பத்து ஆட்டம் ஜெயித்தார்கள். சுவரேறியது இந்த ஒன்றுதான்.

கடைசி ஆட்டத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 22-14 என்று தோல்வி. மெக்மில்லினுக்கு அன்று காலையில்தான் கல்யாணம். பாவம்.

மகளிடம் சொன்னேன்.

"அப்போ எனக்கு மார்க் உண்டாப்பா?"