மணியடிக்க மறந்தவன்

விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, வாத்தியார்மாரின் அடி எல்லாவற்றையும் இந்த மலரில் என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தோடு ரிட்ரீட் போன அந்த ஒரு வார இறுதியைப் பற்றி எழுத எங்கள் வகுப்பில் இருப்பது நானும் என் நண்பனும்தான். அவன் எழுதமாட்டான். எழுதச் சொன்னால் "நீதானே மணிக்காரன், நீயே எழுது" என்பான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. "ஆள் குறையுது, வா" என்று அவன் கூப்பிட்டான். இரண்டு நாள் புத்தகத்துக்கு முகம் கொடுக்காமல் இருக்கலாமே என்று பெயர் கொடுத்தேன். ரிட்ரீட் என்றால் பட்டாளம் பின்வாங்குவது என்ற அளவில்தான் எனக்கு அந்தச் சொல் தெரியும். ஜெபத்துக்கும் தியானத்துக்கும் ஒதுங்கிப் போவதுதான் அது, தங்கள் வழக்கில் அதை 'ஞான ஒடுக்கம்' என்பார்கள் என்று கத்தோலிக்கத் தோழன் ஒருவன் சொன்னான். அழகான சொல். ஆனால் வெள்ளி இரவு கிட்டாரும் கைதட்டலும் போட்ட சத்தத்தில் ஒருவரும் ஒடுங்கியதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டுப் பேர் வட்டமாக இருந்து வேதபாடம். மாற்கு 6ஆம் அதிகாரம், 30 முதல் 44 வரை. குழுவை நடத்திய அக்கா பிரசங்கம் செய்யவில்லை, கேள்வி மட்டும் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது? அதற்கு என்ன பொருள்? அதை வைத்து நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? யாராவது முதல் கேள்வியை விட்டு மூன்றாவதுக்குப் பாய்ந்தால், "பொறுங்கோ, முதல்ல எழுதியிருக்கிறதைப் பாப்பம்" என்று இழுத்துக்கொண்டு வந்து விடுவார். வேலையில் சேர்ந்த பிறகு ஒப்பந்தப் பத்திரங்களை நான் வாசிப்பது இன்றைக்கும் அந்த ஒழுங்கில்தான்.

"வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று இயேசு சீஷர்களை அழைக்கிறார். சாப்பிடக்கூட நேரமில்லாத அளவுக்குச் சனம் வந்து போய்க்கொண்டிருந்ததாம். எல்லோரும் அந்த வசனத்திலேயே நின்று, ஓய்வின் அருமையைக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் 33ஆம் வசனத்துக்குப் போய்விட்டேன். படகில் போனவர்களுக்கு முன்னே சனம் கரைவழியாக ஓடிப்போய் அங்கே நிற்கிறது.

"அக்கா, அப்ப இவையின்ர ரிட்ரீட் சரிவரேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "மிச்சத்தை வாசி" என்றார். வாசித்தேன். தாங்களே சாப்பிட நேரமில்லாதிருந்த பன்னிரண்டு பேர், கடைசியில் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்துக்கொண்டு ஐயாயிரம் ஆண்களுக்குப் பந்தி பரிமாறுகிறார்கள். அவர்கள் இளைப்பாறியதாக அந்தப் பகுதியில் ஒரு வரியும் இல்லை. அக்கா அதற்கு விளக்கம் எதுவும் சொல்லாமல் ஜெபத்தோடு முடித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு வந்த பேச்சாளர் சரித்திரம் சொன்னார். 1886இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் மூடி என்ற நற்செய்தியாளர் 251 மாணவர்களைக் கூட்டி ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தார். அது முடியும்போது நூறு பேர் மிஷனரிகளாகப் போகத் தயார் என்று ஒப்புக்கொடுத்திருந்தார்கள். அந்த நூறில் ஒருவரான ஜான் மாட்தான், 1895இல் சுவீடனின் வாட்ஸ்டேனாவில் உலக மாணவர் கிறிஸ்தவச் சம்மேளனம் தொடங்கியபோது முன்னின்றவர். 1946இல் நோபல் சமாதானப் பரிசும் பெற்றார். நல்ல பேச்சுத்தான். என் மனம் மட்டும் மீதி 151 பேரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் அடுத்த நாள் காலை அந்த நூறு பேருக்குப் பக்கத்தில் இருந்து என்ன கதைத்திருப்பார்கள்?

பிறகு விளக்கைக் குறைத்து, மெதுவாகப் பாடி, ஒப்புக்கொடுப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார்கள். நாள் முழுக்க அலைந்து களைத்த பிள்ளைகளிடம் அந்த நேரத்தில் அப்படிக் கேட்பது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நண்பன் கை உயர்த்தினான். நான் உயர்த்தவில்லை. படுக்கப் போகும்போது இருவரும் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அதுவரை நாங்கள் கதைக்காமல் விட்ட விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை.

ஞாயிறு விடியற்காலை ஒரு மணி நேரம் அமைதித் தியானம். ஆளுக்கொரு மூலை, பேச்சுக் கூடாது. "நீ ஜெபிக்கப் போறேல்லைத்தானே, மணியைப் பிடி" என்று பொறுப்பாயிருந்த அண்ணா கைமணியை என்னிடம் தந்தார். முதல் கால்மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு எறும்பு வரிசை. வீட்டில் அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைத்து எத்தனை மாதம் என்று ஒரு கணக்கு வந்தது. கணக்கைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது நாற்பது நிமிடம் கூடிவிட்டிருந்தது.

ஒருவரும் எழும்பியிருக்கவில்லை. நண்பன் கிணற்றடிப் பக்கம் முழங்காலில் இருந்தான். அவசரமாக மணியை ஆட்டினேன். அந்தத் தாமதத்தில் பேச்சாளரின் கடைசி உரை பாதியாய் வெட்டுப்பட்டது. அண்ணா ஏசுவார் என்று நின்றால், "பரவாயில்லை, இண்டைக்குத்தான் கொஞ்சம் ரிட்ரீட் மாதிரி இருந்தது" என்று சொல்லி மணியை வாங்கிக்கொண்டு போனார்.

நண்பன் இப்போது வேறொரு நாட்டில், வேறொரு நேரத்தில் இருக்கிறான். அவன் விசுவாசி, நான் இன்னும் அந்த 151இல் ஒருவன். மாதத்துக்கொருக்கால் தொலைபேசியில் கதைப்போம். கதை ஓய்ந்தாலும் இரண்டு பேரும் வைப்பதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவன்தான் கேட்பான்: "என்ன, இன்னும் மணி அடிக்கேல்லையோ?"