பரிந்துரைச் சீட்டு கொடுத்த பிறகுதான் வேலை ஆரம்பம்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். புற்றுநோயை ஆரம்பத்திலேயே சந்தேகித்து அனுப்புவது, சிகிச்சை முடிந்து ஊர் திரும்புபவர்களைக் கவனித்துக்கொள்வது, இந்த இரண்டையும் எங்கள் நிலையத்தில் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று பக்கத்து ஒன்றியங்களில் இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் பீடி சுற்றுவார்கள், தீப்பெட்டி ஒட்டுவார்கள், தறி ஓட்டுவார்கள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் வயதான பெண்களிடமும் உண்டு. இளவட்டங்களிடம் ஹான்ஸ், மாவா போன்ற மெல்லும் புகையிலை. தடை இருந்தும் கிடைக்கிறது. இந்தியாவில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் மார்பகம், வாய், கர்ப்பப்பை வாய் மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. மூன்றையுமே ஸ்கேன் இல்லாமல், கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சந்தேகிக்க முடியும். அதனால்தான் இந்த வேலை எங்கள் மாதிரிச் சின்ன இடங்களுக்கு வந்தது. 2023இல் தமிழக அரசு வீடு தேடி அழைத்துப் பரிசோதிக்கும் திட்டத்தை முதலில் ஆரம்பித்த நான்கு மாவட்டங்களில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருந்தன. 2019 வரை இரண்டும் வேலூர் மாவட்டத்துக்குள் இருந்தவைதான்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது வார்டில் நாங்கள் பார்த்த புற்றுநோய் பெரும்பாலும் முற்றிப்போனது. கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வந்த புண், தோலோடு ஒட்டிப்போன மார்புக் கட்டி. பரீட்சைக்கு அதுதான் வரும். ஆரம்பத்தில் அது எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியதில்லை. பத்து வருடம் ஓ.பி. பார்த்த ஒரு மருத்துவருக்குக்கூட இந்தக் குறை இருக்கலாம். கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை, பாடத்திட்டம் அப்படி.

இந்தக் குறையைப் போக்க வேலூரில் எங்களுக்கு நடந்த பயிற்சியில் காலையெல்லாம் ஸ்லைடுகள். அதை விடுங்கள். உருப்படியாகப் பயன்பட்டது பிற்பகல் செய்முறை. பல் மருத்துவர் ஒருவர் டார்ச், கையுறை, இரண்டு மரக்குச்சி, ஒரு துண்டு காஸ் துணி, இவ்வளவுதான் மேசைமேல் வைத்தார். ‘ஆ சொல்லுங்க’ என்று தொண்டையை எட்டிப் பார்ப்பது வாய்ப் பரிசோதனை ஆகாது என்று ஆரம்பித்தார். பொய்ப்பல் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். உதட்டை மடித்து உள்பக்கம் பார்க்க வேண்டும். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைக் குச்சியால் விலக்கிப் பார்க்க வேண்டும். புகையிலையை எந்த இடத்தில் அடக்குகிறார்களோ அங்கேதான் வெள்ளைத் திட்டு முதலில் தெரியும். பிறகு நாக்கு நுனியைக் காஸ் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். பின்பக்க ஓரம் வரைக்கும் வெளிச்சம் பட்டது. அந்த ஓரத்தை அதுவரை நான் யாருக்கும் சரியாகப் பார்த்ததில்லை. நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடியில் ஒரு விரல், தாடைக்குக் கீழே மறு கை, இரண்டுக்கும் நடுவில் தடிப்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவது. கடைசியாக, நோயாளி தன் மூன்று விரல்களை அடுக்கிச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்ப்பது. பாக்கு, மாவா போடுபவர்களுக்கு உள்தோல் இறுகி வாய் திறப்பு குறைந்துகொண்டே வரும். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம்தான்.

மார்பகத்துக்கு சிலிக்கான் மாதிரியில் பழகினோம். விரல் நுனியால் குத்தக் கூடாது, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக, அக்குள் வரை. கர்ப்பப்பை வாய்க்கு, ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்து மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறுகிற இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பதை எங்கள் சிஸ்டர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வரிசை நின்றால் கை தானாக அவசரப்படும்.

‘இதெல்லாம் எங்களால முடியுமா மேடம், ஸ்பெஷலிஸ்ட் செய்ய வேண்டியதாச்சே’ என்று தயங்கிய சிஸ்டர்களிடம் நான் திண்டுக்கல்லைச் சொன்னேன். அந்த மாவட்டத்துக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தது இந்த அசிட்டிக் அமிலப் பரிசோதனையைத்தான். 2007இல் முடிவுகள் வெளிவந்தன. பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஊர் செவிலியர்களின் கையால் நடந்தது என்பதைக் கேட்டதும் அவர்கள் உட்கார்ந்த விதமே மாறியது.

பயிற்சியில் போதாதது என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. முகாமில் பரிசோதித்துக் கண்டுபிடிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தொந்தரவோடு ஓ.பி.க்கு வருபவரைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகிறார்கள். எங்களிடம் மூலம் என்று மருந்து கேட்டு வருபவருக்கு மலத்தில் ரத்தம் போவது குடல் கட்டியாக இருக்கலாம். மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன அம்மா ‘உடம்பு சூடு, லேசா பட்டுது’ என்பார். அந்த ரத்தக் கசிவு எவ்வளவு லேசாக இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு எடை குறைந்துகொண்டே போகிறவர், மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருப்பவர், சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது என்பவர், காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்த ஆண், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே காசநோய் மருந்து சாப்பிட்டும் தேறாதவர். இவர்களில் பலருக்கு ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஒரே தொந்தரவுக்கு மூன்றாவது தடவை வருகிறவருக்கு அதே மாத்திரையை எழுதாமல் நிறுத்தி யோசிப்பது என்று எங்களுக்குள் முடிவு செய்தோம். ஓ.பி. சீட்டு தொலைந்துவிடும் என்பதால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அதிலேயே எழுதுகிறோம்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது, சீட்டு எழுதிவிட்டோம். அப்புறம்?

பீடி சுற்றும் ஓர் அக்காவுக்கு மார்பில் கட்டி இருப்பதை சிஸ்டர் கண்டுபிடித்தார். கெட்டியாக, நகராமல் இருந்தது. ‘வலியே இல்லியே டாக்டரம்மா, இன்னாத்துக்கு வேலூருக்குப் போவணும்?’ என்றார். வலி இல்லாததுதான் கவலை என்று உட்கார வைத்துச் சொன்னேன். போனார். போன இடத்தில் சதைப் பரிசோதனைக்கு வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறி, அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போனவர் அவர். வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்துவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று பச்சிலை வைத்துக் கட்டவும் ஆரம்பித்திருந்தார். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுபடி அனுப்பினோம், இந்த முறை அவர் மகனையும் கூட்டி உட்கார வைத்துப் பேசி. நல்லவேளை, அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பரிந்துரைக்கென்று தனிப் பதிவேடு போட்டோம். பெயர், செல் நம்பர், வீட்டில் முடிவெடுப்பவரின் நம்பர், எதற்காக அனுப்பினோம், போனாரா, சதைப் பரிசோதனை எடுத்தார்களா, முடிவு என்ன, சிகிச்சை ஆரம்பித்ததா. கடைசிக் கட்டம் நிரம்பும் வரை அந்த வரியை மூடுவதில்லை. ஒவ்வொரு வாரமும் சிஸ்டர் திறந்திருக்கும் வரிகளுக்கு போன் போடுவார். எந்தத் துறை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் சீட்டு போட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் விசாரித்து எழுதி சுவரில் ஒட்டினோம். அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரைக் கேட்டு வாங்கி சீட்டிலேயே எழுதுகிறோம். முகம் தெரியாத கட்டடத்துக்குள் போவதற்கும், ‘இந்த சிஸ்டரைப் போய்ப் பாருங்க’ என்று போவதற்கும் எங்கள் ஜனங்களுக்கு நிறைய வித்தியாசம்.

காப்பீட்டு அட்டையையும் சீட்டு எழுதும் அன்றே கேட்டுவிட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று. நோய் உறுதியான பிறகு இதற்கு அலைந்தால் வாரக்கணக்கில் போய்விடும். எங்கள் சுகாதார ஆய்வாளர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது பெரிய உதவி.

சிகிச்சை முடிந்து திரும்புபவர்கள் விஷயத்தில் எங்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அவர்களே வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அக்கா அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து சர்க்கரை மாத்திரைக்கு எங்களிடம் வந்தார். மஞ்சப்பையில் கத்தைக் காகிதம், எல்லாம் ஆங்கிலம். மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, இடது கை வளையல் இறுக்குகிறது என்றார். அளவு நாடாவை எடுத்து முழங்கைக்கு மேலே பத்து சென்டிமீட்டர், கீழே பத்து சென்டிமீட்டர் இரண்டு கையிலும் அளந்தோம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அக்குளில் நெறிகளை எடுத்ததால் வரும் நிணநீர் வீக்கம். ஆரம்பத்தில் பிடித்தால் உடற்பயிற்சியாலும் கட்டுப் போடுவதாலும் அடக்கி வைக்கலாம். விட்டால் கை தடித்துப்போய் அடிக்கடி சீழ் பிடிக்கும். பிசியோதெரபிக்கு அனுப்பினோம். பி.பி. பார்ப்பதையும் ஊசியையும் மறு கைக்கு மாற்றினோம். பீடி இலை வெட்டும்போது கத்தரி பட்டால் உடனே வரச் சொன்னோம்.

அப்புறம் நான் படித்தும், சிகிச்சை தந்த மருத்துவர்களைக் கேட்டும் சேர்த்துக்கொண்டவை பல. மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் தமாக்சிஃபென் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். உடம்பு திகுதிகுவென எரிகிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தியதை யாரும் கேட்பதில்லை. அதைச் சாப்பிடுபவருக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதும்போது ஃப்ளுவாக்ஸடின், பராக்ஸடின் இரண்டையும் தவிர்க்க வேண்டும், தமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கும். அதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான லெட்ரோசோல் சாப்பிடுபவருக்கு எலும்பைக் கவனிக்க வேண்டும். கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு பார்க்க வேண்டும். சோர்வு என்று வருபவருக்கு வெறும் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. தாடைக்குக் கதிர்வீச்சு பட்டவருக்குச் சிகிச்சை தந்த இடத்தைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, எலும்பு ஆறாமல் அழுகிவிடலாம். கீமோவில் கால் மரத்துப்போனவரைச் செருப்பில்லாமல் நடக்க விடக் கூடாது.

கர்ப்பப்பை வாய்க்குக் கதிர்வீச்சு வாங்கிய பெண்கள் ஒரு விஷயத்தைச் சொல்லவே மாட்டார்கள். பிறப்புறுப்பு சுருங்கி, கணவரோடு சேர்வது வேதனையாகிவிடும். பரிசோதனைக்கும் இடம் கொடுக்காது. கதவைச் சாத்திவிட்டு நானே கேட்கிறேன். கேட்டால் அழுதுவிடுகிறார்கள், பிறகு பேசுகிறார்கள். விரிவடையச் செய்யும் சாதனமும் பசை மருந்தும் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. நம்மில் சிலருக்கும் தெரியாது.

சிகிச்சை முடிந்த ஒவ்வொருவருக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கிறோம்: என்ன நோய், என்னென்ன சிகிச்சை, எந்த மாத்திரை எதுவரை, அடுத்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது, எது வந்தால் உடனே வர வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும். விவரம் கிடைக்காதபோது பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்கிறேன். சில இடங்களில் பொறுமையாகச் சொல்கிறார்கள். சில இடங்களில் நாலு பேரிடம் மாற்றி விடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த வீடுகளில் மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாரா, புதிதாக ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டு வருகிறார்கள்.

எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேச வரும்படி அந்த அக்காவைக் கேட்டேன். தயங்கித்தான் வந்தார். எந்த வார்த்தை அவரைப் பயமுறுத்தியது, எப்போது நம்பிக்கை வந்தது, ஏன் முதல் தடவை திரும்பி வந்தார் என்று அரை மணி நேரம் பேசினார். கிராம சுகாதார செவிலியர்கள் அவரிடம் கேட்ட கேள்விகளைப் பயிற்சியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த பயிற்சியை நடத்தப்போகிறவர்களிடம் நான் எழுதிக் கேட்டிருப்பது இரண்டுதான்: சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்புக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அந்த அரை நாளில் சிகிச்சை முடித்த ஒருவரைப் படியும் பயணச் செலவும் கொடுத்துப் பேச அழையுங்கள்.