கானும் வடிகாலும்

"எங்கள் வீதிக் கானுக்குள் சீமெந்தைக் கொட்டியிருக்கிறார்கள்" என்று நான் எழுந்து சொன்னபோது, மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்திற்கு வந்திருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கவுன்சிலர் உண்மையான கவலையோடு, "யாரும்மா அந்தக் கான்? எந்த வீடு?" என்று கேட்டார். மாடிவீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழைநீர் வடிகாலைச் சொல்றாங்க சார்" என்று விளக்கிய பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பின்வரிசையிலிருந்து அடுத்து வந்த கேள்வி என்னைத் தைத்தது. "நீங்க சிலோனா?"

2008-இல் சென்னை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியவள் நான். கதைப்பதைப் பேசுவதென்றும், ஒழுங்கையைச் சந்து என்றும், லொறியை லாரி என்றும் மாற்றிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. கோயம்பேட்டில் விலை பேசுவதும், ஆட்டோக்காரரிடம் வழி சொல்வதும் பழகிவிட்டன. இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் மனம் பதறும்போது வாயில் வருவது எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் அம்மா சொல்லித்தந்த சொல்தான்.

பதறுவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருமுனையில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரை இரவு நேரத்தில் வடிகாலின் வாயிலேயே ஊற்றி வந்தார்கள். சாலை ஓரத்து இரும்புச் சட்டத்தின் கீழே ஒரு தொட்டி இருக்கிறது. தெருவில் ஓடிவரும் மழைநீர் அதில் விழுந்து, மணலை அடியில் விட்டுவிட்டு, மேலே தெளிந்தது மட்டும் வடிகாலுக்குப் போக வேண்டும். மணல் நிறைந்தால் வாரிவிடலாம். சீமெந்து அப்படியல்ல, அது தண்ணீருக்குள் கிடந்தே இறுகிக் கல்லாகிவிடும் பொருள். நான் குனிந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தபோது, ஒரு முழம் இறங்க வேண்டிய இடத்தில் நாலு விரற்கடையில் 'டக்'கென்று முட்டி நின்றது. அது ஆகஸ்ட் மாதம். வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதமே மீதி.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில், இதே தெருவில் கீழ்வீட்டுப் பாட்டியின் அரிசித் தவலை அடுக்களையிலிருந்து மிதந்து கூடத்துக்கு வந்ததைக் கண்ணால் கண்டவள் நான். பாட்டியை இருவராகத் தூக்கி மாடிப்படியில் உட்கார வைத்தோம். அவர் தவலையைக் காட்டியபடியே அழுதுகொண்டிருந்தார். அந்தக் குச்சி முட்டி நின்ற சத்தத்தில் எனக்குக் கேட்டது அந்த அழுகைதான்.

கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் பெயர், முகவரி, வாக்காளர் அட்டை எண் என்று கட்டங்கள் போட்டிருந்தார்கள். 2022-இல் வந்த விதிகளின்படி, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்களே பகுதி சபையின் உறுப்பினர்கள். முகாமுக்கு வெளியே தங்கப் பதிவு செய்துகொண்ட 'வெளிப்பதிவு' அகதியான எனக்கு மூன்றாவது கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன். 1688-இல் தோன்றிய, இந்தியாவிலேயே மிகப் பழைமையான மாநகராட்சி இது. இந்த நகரத்து மக்களுக்கும் 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை ஐந்தாண்டுக்கு மேலாகத் தங்கள் தெருக் குறையைச் சொல்ல ஒரு கவுன்சிலர் இருக்கவில்லை. சொல்ல ஆளில்லாத தவிப்பு என்னவென்று அவர்களும் அறிவார்கள் என்ற எண்ணமே என்னை அந்தக் கூடத்தில் உட்கார வைத்திருந்தது.

ஊரில் எங்கள் வீட்டுக்கு அப்பால் வழுக்கையாறு போகும். ஆறு என்று பெயர்தானே தவிர, மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடலேரியில் சேருவது. மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனசமூக நிலையத்தில் கூடி, வாய்க்காலுக்கு ஆளுக்கொரு முழமாகப் பங்கு பிரிப்பார்கள். அப்பா மண்வெட்டியோடு இறங்குவார். நாங்கள் பனங்கட்டியும் தேநீரும் கொண்டு போவோம். யாருடைய வேலிக் குப்பை வாய்க்காலில் கிடந்தாலும் அன்று அவருக்கு நல்ல ஏச்சு விழும். இங்கே யாரை ஏசுவது, எங்கே போய் ஏசுவது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இத்தனை வருடங்கள் ஆயின.

"ஆமாம், யாழ்ப்பாணம்" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் எடுத்த படங்களைக் கவுன்சிலரிடம் கொடுத்தேன். அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதவிப் பொறியாளரை அருகே அழைத்தார். மாடிவீட்டு அக்கா எழுந்து, "இவங்க சொன்னது எங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் சார், என் பேர்ல எழுதிக்குங்க" என்றார். அந்த அக்காவின் அட்டை எண்ணுக்குக் கீழே என் புகார் பதிவாயிற்று.

ஒன்பதாம் நாள் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். இறுகிய சீமெந்தை இரண்டு நாள் உடைத்தெடுத்தார்கள். வெளியே எடுத்துப் போட்ட பாளங்களில் தொட்டியின் வடிவம் அப்படியே அச்சாகியிருந்தது. கட்டுமானக்காரர்கள் அபராதம் கட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்டோபரில் முதல் பெருமழை பெய்த இரவில் நான் உறங்கவில்லை. குடையோடு இறங்கிப்போய்த் தெருமுனையில் நின்றேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு இரும்புச் சட்டத்துக்குள் இறங்கியது. காலையில் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, அங்கும் மழைதான், வழுக்கையாறு ஓடத் தொடங்கிவிட்டது என்றார்.

"இங்கே வடிகால் எல்லாம் துப்புரவாக இருக்கம்மா, தண்ணீர் நிற்கவில்லை" என்றேன்.

"கானைத்தானே பிள்ளை சொல்லுறாய்?" என்று கேட்டார் அம்மா.