ஊசிக்கு முன் எடுக்கும் ரத்தம்

மருந்து ஆய்வில் சேர்ந்தவள் என்று தெரிந்ததும் ராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் தங்கச்சிமடத்தில் எல்லோரும் என்னிடம் ஊசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வலித்ததா, காய்ச்சல் வந்ததா, விரல் மடங்குகிறதா என்று. எனக்கோ ரத்தம் கொடுத்ததைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ஆய்வில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு அதைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை.

எனக்கு முடக்குவாதம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகுதான் பேனா பிடிக்க வரும். வாரம் ஒருமுறை போடும் மெதோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் போதாது என்றானபோது, மதுரையில் நான் பார்க்கும் மருத்துவர் அடலிமுமாப் பற்றிச் சொன்னார். அது ஓர் எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்று நாம் கேள்விப்படுவது. மூட்டில் வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். 2002ஆம் ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 2014இல் இந்தியாவிலேயே அதை ஒத்த மருந்து, பயோசிமிலர் என்கிறார்கள், விற்பனைக்கு வந்தது. அப்படியும் மாதாமாதம் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. இன்னொரு பயோசிமிலரை மூல மருந்தோடு ஒப்பிடும் ஆய்வு ஒன்று நடப்பதாகவும், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றும் சொன்னார்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, என் கணவர் கடலுக்குப் போகாத ஒரு நாளில் இருவருமாக உட்கார்ந்து படித்தோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது, ஆய்வால் உடலுக்குத் தீங்கு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்றெல்லாம் அதில் இருந்தது. இவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் தரும் உரிமைகள்; யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பவை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரைச் சாட்சியாக உட்காரவைத்து, முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கினார்கள். காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். இந்த மருந்து உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ஊசி. எனக்குப் போடுவது மூல மருந்தா, புதியதா என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சில ஊசிகளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். ரத்தம் எடுக்கும் நாட்களில் மட்டும் வீட்டில் போடாமல் மதுரைக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் ரத்தம், பிறகு ஊசி. போன ஊசியின் மருந்து உடலில் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அடுத்த ஊசிக்குச் சற்று முன்புதான். அந்த அடிமட்ட அளவு அவர்களுக்குத் தேவை. தோலுக்கடியில் போடும் இந்த மருந்து மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் கலக்கும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். பாதியாகக் குறைவதற்கு இரண்டு வாரம் வரை பிடிக்கும். அந்த உச்சத்தைப் பிடிக்க இடையிலும் வந்து ரத்தம் கொடுக்கச் சிலரைக் கேட்டார்கள். நான் சரி என்றேன்.

அது பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றிருந்த காலம். தீவுக்குள் ரயில் கிடையாது. விடியும் முன் பஸ் ஏறினால்தான் காலையில் மாட்டுத்தாவணியில் இறங்க முடியும். ஒரு கார்த்திகை மழையில் வழியெல்லாம் தண்ணீர் நின்று பஸ் ஊர்ந்து போனது. நான் போய்ச் சேர வெகுநேரமாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண்ணிடம், "குறித்த நேரத்தையே எழுதிக்கொள்ளம்மா, என்னால் உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்" என்றேன். அவள் உடனே தலையசைத்து மறுத்தாள். "தாமதமாக வந்தால் தாமதம் என்று எழுதுவோம் அக்கா. உண்மையான நேரம் இருந்தால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். பொய்யான நேரம் எழுதினால் மருந்தின் அளவே பொய்யாகிவிடும்."

அவள் எழுதுவதைக் கூர்ந்து பார்த்தேன். கடைசி ஊசி போட்ட தேதி, நேரம். ரத்தம் எடுத்த நேரம் நிமிடக் கணக்கில். ஓரிடத்தில் எண் பிசகியபோது அதன்மேல் திருத்தி எழுதவில்லை. பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தன் சுருக்கொப்பமும் தேதியும் இட்டாள். கணக்குப் புத்தகத்தோடு வாழ்பவள் நான். இந்த ஆய்வை நம்பலாம் என்ற எண்ணம் எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் வந்தது.

ஒரு தடவைக்கு எடுத்தது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி ரத்தம். குழாயை நிமிர்த்தி அரை மணி நேரம் வைத்தார்கள். ரத்தம் உறைந்ததும் சுழற்றும் இயந்திரத்தில் இட, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. அதுதான் சீரம். அதை இரண்டு சிறு குப்பிகளில் பிரித்தார்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது வழியில் ஏதாவது ஆகிவிட்டால் கைகாவலாக. குப்பியில் என் பெயர் இல்லை, எண் மட்டுமே. இரண்டும் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போய்விடும். பிறகு உலர்பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் ஆய்வகத்துக்குப் பயணம்.

சீரம் உறைய வேண்டும். ஊசி மருந்து உறையவே கூடாது. எங்கள் கடற்கரையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே எதையும் கெடாமல் வைக்க ஐஸில் புதைப்பதுதான் பழக்கம். வீட்டு ஊசிகளை நான் பெட்டியில் கொண்டுவந்தபோது, "நம்ம கம்பெனி ஐஸ் இருக்கையில் என்ன கவலை மதினி" என்று அள்ளிப் போட வந்தவர்களைத் தடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முதல் எட்டு டிகிரி என்பதுதான் கணக்கு. உறைந்துவிட்டால் புரதம் கெடும். மீண்டும் இளகினாலும் அந்த ஊசியைப் போடக் கூடாது. குளிர்ப்பைக்கும் ஊசிக்கும் இடையே துணி இருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டு. உறைபெட்டியின் பக்கமே போகக் கூடாது.

ஆய்வகத்தில் என்ன செய்வார்கள் என்று மருத்துவரைக் கேட்டேன். பொறுமையாக, படம் வரைந்து விளக்கினார். என் ரத்தத்தில் என் உடலே செய்த எதிர்ப்பொருட்கள் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் எப்போதும் இருக்கும். அடலிமுமாப், மெதோட்ரெக்சேட்டும் சேர்ந்து எடுப்பவர்களுக்கு, அடிமட்டத்தில் எட்டு ஒன்பது மைக்ரோகிராம்தான்; ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உருவத்திலும் இரண்டும் ஒன்றே போல. துறையில் ஒரே வண்ணம் பூசி நிற்கும் படகுகளுக்கு நடுவே ஒன்றைத் தேடுவது மாதிரி. பதிவெண்ணைப் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

இங்கே பதிவெண் என்பது டிஎன்எஃப்பைப் பிடிக்கும் குணம். 96 குழிகள் கொண்ட தட்டில், குழியின் அடியில் டிஎன்எஃப்பை ஒட்டவைத்துச் சீரத்தை ஊற்றுவார்கள். மருந்து மட்டும் பற்றிக்கொள்ளும்; மற்றதெல்லாம் கழுவும்போது போய்விடும். பிறகு நொதி சேர்த்த இன்னோர் எதிர்ப்பொருள் அந்த மருந்தின்மேல் ஒட்டும். வேதிப்பொருள் விட்டால் நீலம், அமிலம் விட்டால் மஞ்சள். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மருந்து. எலைசா என்று பெயர். அளவு தெரிந்த மாதிரிகளையும் அதே தட்டில் வைத்து, அவை 20 சதவீதத்துக்குள் சரியாக வந்தால்தான் மற்றவற்றை ஏற்பார்கள். போதாததற்கு, அளந்த மாதிரிகளில் ஒரு பகுதியை வேறொரு நாளில் திரும்ப அளந்து பார்ப்பார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சிலரின் உடல், வந்த மருந்தையே அந்நியன் என்று கருதி அதற்கு எதிராக எதிர்ப்பொருள் செய்யும். அது மருந்தின் கைகளை மூடிக்கொண்டால் மருந்து டிஎன்எஃப்பைப் பிடிக்காது. தட்டிலும் குறைவாகக் காட்டும், மூட்டிலும் வேலை செய்யாது. அதனால் அதையும் தனியாகச் சோதிக்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் மருந்து மிகுதியாக இருந்தால் அந்தச் சோதனை தடுமாறும். மருந்து குறைந்திருக்கும் நேரத்தில், அதாவது ஊசிக்கு முன் எடுத்த ரத்தமே இதற்கும் ஏற்றது. மெதோட்ரெக்சேட்டை விடாமல் போடச் சொல்வதற்கும் இது ஒரு காரணம். அது இந்த எதிர்ப்பை அடக்கிவைக்கும். இதைக் கேட்ட பிறகு வாரமாத்திரையை நான் அலட்சியமாக நினைத்ததே இல்லை.

ரத்தத்தை விற்கிறார்கள் என்று தெருவில் பேசியவர்களிடம் நான் சண்டை போடவில்லை. எவ்வளவு எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று சொன்னேன். ஆய்வு முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். என் ஆய்வின் பதிவை மகன் செல்போனில் எடுத்துக் காட்டியதும் பாதிப் பேச்சு அடங்கியது.

கடைசி ஊசிக்குப் பிறகும், வாரங்கள் கழித்து, ஒரு ரத்த மாதிரி கொடுக்க வேண்டும். மருந்து முழுவதும் வெளியேற மாதங்கள் ஆகும் என்பதால் அது முக்கியமானது. ஊசி இல்லை என்றதும் பலர் வராமல் விட்டுவிடுவார்களாம். மீன்பிடித் தடைக்காலம் அது. என் கணவரும் கூட வந்தார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. என் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆய்வு நடக்கும்போது சொன்னால் ரகசியம் உடையும் என்பது நியாயம், ஏற்கிறேன். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, கொடுத்தவருக்கு அவருடைய எண்ணைச் சொல்வதில் என்ன தடை? இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நெறிமுறைக் குழுவின் முன் வைப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.