தீர்த்தமலை ஆட்டோவில் வந்த அலாஸ்கா ஆன்டெனா

தீர்த்தமலை போகிறவர்கள் அரூரில் பஸ்ஸுக்குக் காத்திருங்கள். நான் காத்திருக்காமல் ஆட்டோவுக்கு 600 ரூபாய் கொடுத்தேன். அநியாயம். அன்றைய மொத்தச் செலவுக்கே 1,000 ரூபாய்தான் ஒதுக்கியிருந்தேன்.

அதைவிட எரிச்சல், வழிநெடுகக் கேட்ட பேச்சு. ஊத்தங்கரை வழியாக வந்தேன் என்றதும் ஓட்டுநர் ஆரம்பித்தார். "ஃபெஞ்சல் புயல் தானா வரலைங்கண்ணா. அமெரிக்காக்காரன் ஹார்ப்னு ஒண்ணு வெச்சிருக்கான், அதுல அனுப்புனது." வண்டியை ஓரங்கட்டி வீடியோவும் காட்டினார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. என் சித்தப்பா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி, ஹார்ப் ஒரு ஆராய்ச்சி நிலையம். இருக்கிறது அலாஸ்காவில், ககோனா என்ற ஊரில். 180 ஆன்டெனா, 3.6 மெகாவாட். அது அனுப்புவது சிற்றலை ரேடியோ. மேகமும் மழையும் பதினைந்து, பதினாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த அலை அங்கே எதையும் சூடாக்காமல் கடந்துபோய், நூறு, இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் என்கிற மின்னேறிய மெல்லிய காற்றடுக்கைத்தான் கொஞ்ச நேரம் சூடாக்கும். நிறுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்."

"அப்புறம் எதுக்குண்ணா ராணுவம் காசு போட்டுச்சு?"

நல்ல கேள்வி. சந்தேகம் முளைத்ததே அங்கேதான். அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் பணம் போட்டது உண்மை. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப வழி தேடினார்கள். 2015-ல் அலாஸ்கா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கவும் நாள் ஒதுக்குகிறார்கள். இதையெல்லாம் முதலிலேயே ஊரறியச் செய்திருந்தால் இத்தனை வதந்தி கிளம்பியிருக்காது என்பது என் எண்ணம். நம் ஊர் மழைக்குக் காரணம், புதுச்சேரி அருகே கரையேறிய புயல் நகராமல் நின்றதும், அப்புறம் மெதுவாக மேற்கே வந்ததும்தான்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ககோனா என்ற பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மலை அருமை. பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டியதும் எரிச்சல் போய்விட்டது. ஆனால் இந்தப் பயணத்தின் உச்சம் சாப்பாடுதான். அரூரில் ஒரு சின்ன மெஸ்ஸில் சூடான ராகிக் களி, நடுவில் குழி பறித்து ஊற்றிய நாட்டுக்கோழிக் குழம்பு. 140 ரூபாய். மிளகுக் காரம் காதுவரை ஏறியது. இரண்டாவது உருண்டைக்குத் தனிக் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது மலையடிவாரத்தில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். மெஸ்ஸுக்குப் போனது அதில் இறங்கித்தான்.